பிளாட்பாரம் இல்லாத பக்கம்

முப்பத்திரண்டு வருஷமாக ரயிலில் பிழைக்கும் மணியம்மாள் இன்றுவரை ஒரு முறைகூட ரயில் பயணம் செய்ததில்லை. சட்டம் அப்படித்தான் சொல்லும். டிக்கெட் எடுத்தால்தான் பயணி. மணியம்மாள் எடுத்ததில்லை. காலையில் வில்லியனூரில் விழுப்புரம் பாசஞ்சரில் ஏறி, சின்னபாபுசமுத்திரம், வளவனூர் என்று பெட்டி பெட்டியாக மாறி, அவித்த மல்லாட்டையை விற்று முடித்து எதிர் வண்டியில் திரும்பிவிடுவாள். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்று பெயர். அதை அவித்து, உப்புப் போட்டு, அனுமதி இல்லாமல் ரயிலில் விற்பதற்கும் ஒரு பெயர் உண்டு. அது சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

ஒதியம்பட்டில் கரும்பு வெட்டும் குடும்பத்தில் பிறந்தவள். வாழ்க்கைப்பட்டது வில்லியனூருக்கு. புருஷன் அன்புராஜ் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து கிடந்த வருஷம் அவளுக்கு வயது இருபத்தாறு. அந்த வருஷம்தான் கூடையைத் தலையில் வைத்தாள். அந்தக் கூடைதான் இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைத்தது, கூரையை மாற்றித் தளம் போட்டது. இப்போது அன்புராஜ் எழுந்து நடக்கிறார், காலையில் அடுப்பு மூட்டி மல்லாட்டை அவிப்பதும் அவர்தான். உப்பு மட்டும் அவள் கை.

நன்றி சொல்வதில் மணியம்மாளுக்குக் கஞ்சத்தனம் கிடையாது. வண்டி தாமதமானால் நன்றி, பயணிகளுக்குப் பசிக்கும். மழை பெய்தால் நன்றி, சூடாக எதையாவது கொறிக்கத் தோன்றும். வெயிலடித்தாலும் நன்றி, காரணம் கேட்டால் யோசித்துச் சொல்வாள். இப்படிக் கண்டதற்கெல்லாம் கும்பிடு போடுகிற ஒருத்திக்கு, சொல்லியே ஆக வேண்டிய ஒரு நன்றி மட்டும் பதினெட்டு வருஷமாகத் தொண்டையில் நின்றது. அதைச் சொல்ல வேண்டிய ஆள் ஒரு டிக்கெட் பரிசோதகர். சனங்கள் வாயில் டி.டி.ஆர்.

ரயிலில் விற்கிறவர்கள் ரயிலைப் பார்க்கும் விதம் வேறு. பயணிக்கு வண்டியில் ஜன்னலோரம், நடுவிடம் என்று இருக்கும். மணியம்மாளுக்கு இருப்பது இரண்டு பக்கம். பிளாட்பாரம் உள்ள பக்கம் ஒன்று, இல்லாத பக்கம் ஒன்று. கருப்புக் கோட்டு ஒரு வாசலில் ஏறினால் அவள் எதிர் வாசலில், பிளாட்பாரம் இல்லாத பக்கமாக, ஜல்லியில் இறங்கியிருப்பாள். அவர் வரும்போது டிக்கெட் ஓட்டை போடும் கருவியால் உட்காரும் பலகையில் இரண்டு தட்டுத் தட்டுவார். டக், டக். முதல் தட்டில் கூடை இடுப்புக்கு வரும், இரண்டாம் தட்டில் கால் படியில் இருக்கும். இதையெல்லாம் யோசித்துச் செய்வதில்லை. தலைக்குத் தகவல் போவதற்குள் கால் முடித்துவிடும்.

அந்த டி.டி.ஆர். சாமானியப்பட்டவர் அல்ல. ஒரு தடவை தன் மச்சானுக்கே அபராதம் போட்டார் என்று அந்த லைனில் பேச்சு. மணியம்மாளைப் பத்து வருஷம் துரத்தினார், பிடிக்கவே முடியவில்லை.

பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு தை மாசம், வளவனூரில் வண்டி நகரத் தொடங்கிய நேரம், டக், டக் கேட்டது. மணியம்மாள் மறுபக்கம் குதித்தாள். ஆள் இறங்கியது, முந்தானை இறங்கவில்லை. படிக்கட்டுக் கம்பியில் மாட்டிக்கொண்டு முப்பது அடி தூரம் ஜல்லியில் இழுத்துப் போயிற்று. சங்கிலியைப் பிடித்து இழுத்தவர் அந்தக் கருப்புக் கோட்டுக்காரர்தான். பெட்டியில் நெல்லறுப்புக்குப் போகிறவர்கள் இருந்தார்கள். ஒரு கருக்கரிவாளைப் பிடுங்கிக்கொண்டு கீழே குதித்து முந்தானையை அறுத்துவிட்டார். அவள் எழுந்தாள். எதிரே கருப்புக் கோட்டைப் பார்த்தாள். உயிர் கொடுத்தவர் முகத்தைப் பார்த்துக் கும்பிட வேண்டிய அந்த நேரத்தில், முட்டியில் ரத்தம் ஒழுக ஒழுக, கரும்புக் கொல்லைக்குள் ஓடிப்போனாள்.

மீதியை ஒரு மாசம் கழித்து வில்லியனூர் ஸ்டேஷனில் வேலை பார்த்த நடேசன் சொன்னார். "உன்னால அந்த ஆளு பொய் எழுதிட்டாரும்மா. சங்கிலி இழுத்தா காரணம் எழுதணும். மல்லாட்டைக்காரின்னு எழுதினா உம்மேல கேஸ். அதனால 'பெண் பயணி ஒருவர்'னு எழுதினாரு. பயணின்னா டிக்கெட் நம்பர் எங்கன்னு மேல கேட்டாங்க. இவரு இன்னாத்த சொல்லுவாரு? மெமோ குடுத்து தூக்கியடிச்சிட்டாங்க, காட்பாடிக்கு."

மச்சானுக்காகக்கூடப் பொய் சொல்லாதவர், அவளுக்காக ஒரு பொய் எழுதி, அதற்குத் தண்டனையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார். காட்பாடி எந்தத் திசை என்றுகூட மணியம்மாளுக்குத் தெரியாது. அந்த லைனில் அவள் மல்லாட்டை விற்றதில்லை.

போன மாசம் சென்னையில் பெரிய ரயில் பாரம்பரியக் கண்காட்சி நடந்தது. நீராவி எஞ்சின், துரைமார் போன பெட்டி, பழைய கைகாட்டி என்று ஒரு மைதானம் முழுக்க நிறுத்தியிருந்தார்கள். எதிர்வீட்டு ரோஸ்லின், மகளிர் குழுத் தலைவி, போன் நிறைய வீடியோ வைத்திருப்பவள், அதில் ஒன்றைக் காட்டினாள். பழைய மூன்றாம் வகுப்புப் பெட்டி ஒன்றில் கருப்புக் கோட்டுப் போட்ட ஒரு பெரியவர் பார்வையாளர்களின் அட்டை டிக்கெட்டில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார். படம் சின்னதாக இருந்ததால் முகம் தெரியவில்லை. ஆனால் போனிலிருந்து டக், டக் என்று வந்தது. மணியம்மாள் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"இன்னாக்கா, எங்க போற?"

"அவருடி. அவருதான்டி."

"அவருன்னா உக்காந்து பாரேன், ஏன் எழுந்து ஓடற?"

குழுவிலிருந்து வேன் ஏற்பாடாயிற்று. கண்காட்சியின் கடைசி நாள்தான் தேதி கிடைத்தது. மாலை நாலு மணிக்கு வேன் திரும்பும். அதற்குள் சொன்னால் உண்டு, இல்லாவிட்டால் அந்தப் பெரியவர் கோட்டைக் கழற்றிக்கொண்டு எந்த ஊருக்குப் போவாரோ யார் கண்டது. மணியம்மாள் பட்டுப்புடவை கட்டி, இரண்டு படி மல்லாட்டை அவித்து எடுத்துக்கொண்டாள்.

வழியில் ரோஸ்லின் சும்மா இருப்பாளா? "ஏக்கா, ஒரு தேங்ஸ் சொல்றதுக்குப் போக வர முந்நூறு கிலோமீட்டரா? நம்பர் விசாரிச்சு போன்ல சொல்லிட்டா ஆவாதா?"

"போன்ல கால்ல வுழ முடியுமாடி?"

"நீ அவர் கால்ல வுழப் போறியா! அவர் கால் வர்றதுக்குள்ள உன் கால் போயிடுமே."

வேனே சிரித்தது. மணியம்மாளும் சிரித்தாள். ஆனால் இதையே அவளும் விடிகாலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் 'உணவுப் பொருட்களுக்கு அனுமதி இல்லை' என்று பலகை இருந்தது. பையை உள்ளே விட்டுப் பார்க்கும் இயந்திரமும் இருந்தது. இரண்டு படி மல்லாட்டை எப்படி உள்ளே போயிற்று என்று ரோஸ்லின் கேட்கவில்லை. முப்பத்திரண்டு வருஷ அனுபவம் என்பது சும்மா இல்லை.

நுழைவுச்சீட்டாகப் பழங்காலத்து அட்டை டிக்கெட் மாதிரியே ஒன்றைக் கொடுத்தார்கள். மணியம்மாள் அதை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். வாழ்க்கையில் முதல் டிக்கெட், அதுவும் ஓடாத ரயிலுக்கு.

கூட்டம் நன்றாக இருந்தது. ஆனால் யாரும் பார்க்க வேண்டியதைப் பார்க்கவில்லை, அதுதான் விசேஷம். நீராவி எஞ்சின் எத்தனை குதிரைச் சக்தி என்று ஒலிபெருக்கி விளக்கிக்கொண்டிருக்க, பெண்கள் எஞ்சினின் முன்தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார்கள். யாரோ குங்குமம் வைத்துவிட்டுப் போக, ஒரு ஊழியர் மணிக்கொரு தடவை வந்து துடைத்தார். துடைக்கும் முன் அவரும் ஒரு தடவை தொட்டுக்கொண்டார். துரை பெட்டியில் குளிக்கும் தொட்டி இருந்தது. "ஓடற ரயில்ல குளிக்கத் தொட்டி வெச்சிருக்கான். நாம நிக்கிற வூட்டுல கீத்து மறைப்புல குளிச்சோம்," என்றாள் ரோஸ்லின். பக்கத்தில் நின்ற சென்னைக்காரர் அதற்குத் தலையாட்டிவிட்டு, தொட்டியோடு தன்னைப் படமெடுத்துக்கொண்டார்.

மணியம்மாள் எதையும் அழகு பார்க்கவில்லை. ஒவ்வொரு பெட்டியின் வாசலையும் கையால் அளந்தாள். "இதுல கூடையோட நொழைய முடியாது. இது நல்ல பொட்டி, ரெண்டு பக்கமும் படி தாழ்வா இருக்குது. இது கட்டினவன் வியாபாரியப் பத்தி நெனச்சே பாக்கல." பொறியாளர்கள் யாராவது கூட இருந்திருந்தால் குறித்துக்கொண்டிருக்கலாம்.

பத்தரை மணிக்கு மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஏறி மரப்பலகையில் உட்கார்ந்தாள். மடியில் மல்லாட்டை மூட்டை, கையில் டிக்கெட். ஒரு குற்றமும் இல்லை. ஏறி இறங்க ஒரு பக்கம் மட்டும் மரப்படி வைத்திருந்தார்கள், மறுபக்கக் கதவு கொண்டி போட்டு மூடியிருந்தது. பெட்டியின் கோடியில் டக், டக் கேட்டது.

ரோஸ்லின் திரும்பிப் பார்த்தபோது பலகை காலியாக இருந்தது. மறுபக்கக் கதவு திறந்து ஆடிக்கொண்டிருந்தது. கீழே ஜல்லியில் பட்டுப்புடவையோடு மணியம்மாள்.

"அக்கா! கையில டிக்கெட்டு இருக்குதுக்கா!"

"தெரியுதுடி. எனக்குத் தெரியுது."

இரண்டாவது தடவை ரோஸ்லின் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். மூன்று பலகை தள்ளி அந்தப் பெரியவர் வந்துவிட்டார். அதே நீள மூக்கு, தலை மட்டும் வெளுத்திருந்தது. மணியம்மாள் வாயைத் திறந்தாள். டக், டக். ரோஸ்லின் கையில் இரண்டு கண்ணாடி வளையல் துண்டுகள்தான் மிஞ்சின.

"யாரும்மா அது, அந்தக் கதவத் திறக்கறது? அது எக்சிபிட்!" என்று வழிகாட்டும் பெண் ஒருத்தி சத்தம் போட்டாள்.

ஒரு மணி சுமாருக்கு மூன்றாவது தடவை. மணியம்மாள் கண்ணை மூடிக்கொண்டு, காதில் முந்தானையை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். காது அடைத்திருந்தாலும் பலகையில் தட்டினால் உட்கார்ந்திருப்பவளுக்கு அதிரும் என்பதை இருவருமே யோசிக்கவில்லை. இந்த முறை குதித்ததில் பழைய முட்டியே திரும்பவும் பிசகிவிட்டது. எழுந்திருக்க முடியவில்லை. பெட்டியின் நிழலில் ஜல்லி மேலேயே உட்கார்ந்து, வாயில் புடவையை வைத்துக்கொண்டு அழுதாள். வலியால் என்று ரோஸ்லின் நினைத்தாள்.

"தைலம் இருக்குதா கேட்டு வாங்கியாரேன்," என்றாள்.

"தைலம் இன்னாத்துக்குடி? பதினெட்டு வருஷம் நெனச்சிகினு வந்து, மூணு தபா மூஞ்சிக்கு நேரா ஓடிட்டேன். அன்னிக்காவது பயம். இன்னிக்கு இன்னா கேடு எனக்கு? மணி இன்னா ஆவுது?"

"ஒண்ணரை."

"இன்னும் ரெண்டரை மணி நேரம். ஆனா காலு வராது இனிமே."

நடந்து போய்ச் சொல்ல வக்கில்லாமல் அவள் உட்கார்ந்துவிட்டதும்தான் காரியம் நடந்தது. பெட்டியின் மூலையைச் சுற்றிக்கொண்டு ஒருவர் வந்தார். அரைக்கை வெள்ளைச் சட்டை, கையில் டிபன் பாக்ஸ், கோட்டு தோளில் கிடந்தது. சாப்பாட்டு நேரத்தில், மூன்று முறை திறந்து கிடந்த கதவின் கொண்டியைப் பார்க்க வந்திருந்தார்.

"இந்தக் கொண்டியை ஒரு கையால தூக்கி ஒரு இடி இடிச்சாத்தான் திறக்கும். இது எல்லாருக்கும் தெரியாதே," என்று கதவிடம் பேசினார். பிறகு கீழே பார்த்தார். பழக்கம் விடுமா? "ஏம்மா, டிக்கெட் இருக்கா?"

மணியம்மாள் டிக்கெட்டை நீட்டினாள். கால் நகர வழியில்லை.

"டிக்கெட்டை வச்சுக்கிட்டு ஏம்மா ஓடினே?"

"எனக்கு இன்னா தெரியும் சார்? காலத்தான் கேக்கணும்."

அவர் டிக்கெட்டைப் பார்க்கவில்லை. அவள் மடியிலிருந்த மூட்டையைப் பார்த்தார். ஈரம் கசிந்து, அவித்த மல்லாட்டை வாசனை வந்துகொண்டிருந்தது. மெதுவாக எதிரே ஜல்லியில் குந்தினார்.

"வளவனூர்," என்றார்.

மணியம்மாள் கையெடுத்துக் கும்பிட்டாள். பதினெட்டு வருஷம் தயார் செய்தது அத்தனையும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்து நெரிசலாகிவிட்டது. அந்த இடைவெளியில் பெரியவர் முந்திக்கொண்டார்.

"உன்னைப் பார்த்தா ஒரு நன்றி சொல்லணும்னு இருந்தேம்மா."

"சார்?"

"எனக்கு ஊர் மாயவரம் பக்கம். சம்சாரம் டீச்சர், வேலூர்ல. கல்யாணமாகி பதினோரு வருஷம் நான் ஒரு ஊர், அவ ஒரு ஊர். காட்பாடிக்கு மாத்துங்கன்னு வருஷா வருஷம் மனு போட்டேன். இடம் இல்லைன்னே பதில் வரும். உனக்காகச் சங்கிலி இழுத்தேன் பாரு, தண்டனைன்னு தூக்கிப் போட்டாங்க காட்பாடிக்கு! ஆர்டரைப் படிச்சுட்டு சம்சாரம் கேட்டா, இது தண்டனையா, சீதனமான்னு. அதுக்கப்புறம்தான் எங்களுக்குக் குழந்தையே பிறந்துது. நல்லா இருக்கணும் நீ."

நேர்மையாகப் பதினொரு மனு போட்டும் நகராத காரியம், ஒரே பொய்யில் நடந்திருக்கிறது. இதிலிருந்து நீதி எடுக்க விரும்புகிறவர்கள் எடுத்துக்கொள்ளலாம். மணியம்மாளுக்கு வந்தது கோபம்.

"இன்னா சார் இது அநியாயம்! தேங்ஸ் சொல்ல நான் வந்துகீறேன். நீங்க முந்திகினா எப்டி?"

"யார் முதல்ல சொன்னா என்னம்மா?"

"இன்னாவா? உசிரு எனக்கு வந்துச்சு. உங்களுக்கு வந்தது டிரான்ஸ்பரு. ரெண்டும் ஒண்ணா? நான் சொல்லாம ஓடிட்டேன் சார் அன்னிக்கு. கொல்லையில ஒளிஞ்சிகினு பாத்தேன், நீங்க அறுத்த முந்தானையக் கையில வெச்சிகினு நின்னுகினு இருந்தீங்க. வண்டி கெளம்பறவரிக்கும் நின்னீங்க. அது இன்னிக்கும் என் கண்ணுலயே கீது. எம் பசங்க ரெண்டும் படிச்சது, அந்த மனுசன் எழுந்து நடக்கறது, எல்லாம் நீங்க குடுத்தது. அதச் சொல்ல வுடுங்க மொதல்ல."

பெரியவர் விட்டார். அவள் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் டிபன் பாக்ஸின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார். ரோஸ்லின் அழுதாள், ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை: "கால்ல வுழறேன்னியே, வுழுக்கா."

"முட்டி மடங்கலடி, பாவி."

"அதெல்லாம் வேண்டாம்மா," என்று அவர் அவசரமாகக் காலை இழுத்துக்கொண்டார்.

மூட்டையைக் கொடுத்தாள். அவர் வாங்கி, முகர்ந்து, சட்டென்று முகம் மாறினார். "உணவுப் பொருள் உள்ளே வரக் கூடாதே." மறுபடி முகர்ந்தார். "வெளியில போய்ச் சாப்பிடறேன்," என்று கட்டிக்கொண்டார்.

மணியம்மாளுக்கு இன்னும் திருப்தியில்லை. பேச்சு காற்றோடு போய்விடும். அன்று அவர் எழுதியதால்தான் எல்லாம் வந்தது, அதனால் இதுவும் எழுத்தில் ஏற வேண்டும் என்றாள். பெட்டியின் வாசலில் பார்வையாளர் புத்தகம் இருந்தது. ரோஸ்லின் போய் அதைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பின்னாலேயே எழுதக் காத்திருந்த நாலைந்து பேரும் வந்துவிட்டார்கள். புத்தகத்தில் அன்று காலையிலிருந்து ஏறியிருந்தவை: 'மிக நன்று. கழிப்பறை தூரம்.' 'அறிவுக்கு விருந்து, நிழல் குறைவு.' 'எங்கள் அப்பா ரயிலைப் பார்த்து அழுதார், காரணம் சொல்லவில்லை.'

மணியம்மாளுக்குப் பெயர் எழுத வரும், அதற்கு மேல் வராது. ரோஸ்லின் பேனாவை எடுக்கப் போனாள்.

"நீ வாணாம். சாரே எழுதட்டும்."

தன்னைப் பற்றிய பாராட்டைத் தானே எழுதுவது எவ்வளவு பெரிய இம்சை என்று பெரியவரின் காது மடல் சிவந்ததிலிருந்து தெரிந்தது. அவள் சொல்லச் சொல்ல எழுதினார். சொன்னது நிறைய, எழுதியது கொஞ்சம்.

"இன்னா எழுதினாரு, படி."

ரோஸ்லின் படித்தாள்: "மூன்றாம் வகுப்புப் பெட்டி நன்கு பராமரிக்கப்படுகிறது. பணியாளர்கள் கனிவுடன் நடந்துகொள்கின்றனர்."

"இதுவா நான் சொன்னது? அடிங்க சார், அத."

அடித்தார். சுற்றி நின்றவர்களில் ஒருவர், "சரியா எழுதுங்க சார், அவங்க சொல்றபடி," என்று அதட்டினார். கோட்டு தோளில் கிடக்கும்போது டி.டி.ஆரை யாரும் அதட்டலாம் போலிருக்கிறது. மறுபடி எழுதினார். பதினெட்டு வருஷத்துக்கு முன் தை மாசத்தில் வளவனூரில் ரயிலில் மாட்டிக்கொண்ட என்னை, சங்கிலியை இழுத்து, துணியை அறுத்துக் காப்பாற்றினார், அன்று நன்றி சொல்லாமல் ஓடிவிட்டேன், இன்று சொல்கிறேன். யார் காப்பாற்றினார் என்ற இடத்தில் பேனா நின்றது.

"உங்க பேரு இன்னா சார்?"

இத்தனை வருஷமாக அது இருவருக்கும் தேவைப்படவில்லை.

"சிங்காரவேலு."

"எழுதுங்க."

எழுதினார். அவள் பெயரைக் கேட்டு, ஊரையும் எழுதினார். அடுத்த கட்டத்தில் 'தொழில்' என்று அச்சடித்திருந்தது. "இப்பவும் விக்கிறியாம்மா?"

"ஆமா சார், பாசஞ்சருல." சொன்ன பிறகுதான் உறைத்தது. "ஐயோ, அத எழுதிடாதீங்க சார். கூலி வேலைன்னு போடுங்க. கவர்மெண்டு புஸ்தகம், புடிச்சிகினு பூடுவாங்க."

சிங்காரவேலு 'ரயிலில் மல்லாட்டை வியாபாரம்' என்று நிறுத்தி நிதானமாக எழுதினார்.

"நான் ரிட்டயர் ஆயிட்டேம்மா. இனிமே பொய் எழுத எனக்கு அதிகாரம் இல்லை."

வேன் டிரைவர் ரோஸ்லினின் போனுக்கு இரண்டாவது முறையாக அடித்துக்கொண்டிருந்தார். மணியம்மாள் புத்தகத்தை நல்ல முட்டியின் மேல் வைத்துக்கொண்டு, பேனாவை வாங்கி, தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகப் போட ஆரம்பித்தாள். வில்லியனூரில் பாசஞ்சர் நிற்கும் நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகவே ஆயிற்று. காத்திருந்தவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை.